பால்வாடிப் பிள்ளைகளும் முதியோர் இல்லத்து ஆச்சி தாத்தாக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் ஓர் அங்கன்வாடி இருக்கிறது. இன்னும் எல்லோருக்கும் அது பால்வாடிதான். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் இல்லம். ஆறு வருஷமாகப் புதன்கிழமை காலையில் பால்வாடிப் பிள்ளைகள் எட்டுப் பேரை அந்த இல்லத்துக்குக் கூட்டிப்போய் வருகிறோம். நாங்கள் என்றால் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பால்வாடி ஆயா, நான், என் பக்கத்து வீட்டுக்காரர். கேள்விப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களுக்குப் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் ஊரில் தாத்தா பாட்டி இல்லாத வீடா? இதற்கெல்லாம் ஏற்பாடு தேவையா?

நானும் முதலில் இதையேதான் கேட்டேன். கூட்டுக் குடும்பம் நம் பெருமை என்று மேடையில் பேசிக்கொள்ளலாம். எங்கள் தெருவை மட்டும் எடுத்துப் பாருங்கள். மகன் திருப்பூரில், மகள் சென்னையில், பேரன் துபாயில். ஆச்சி டிவிக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேரன் முகம் தெரியும், இரண்டு நிமிஷத்தில் "பை ஆச்சி" என்று ஓடிவிடுவான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். அதன்பின் அந்த விகிதம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

பிள்ளைகள் பக்கமும் அப்படித்தான். அம்மா பீடி சுற்றுகிறாள், அப்பா வெளியூர் வேலை, தாத்தா ஆச்சி வேறு ஊர். எங்களிடம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் பல் இல்லாத வாயை அதற்குமுன் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

முதியோர் இல்லத்தில் நாற்பது பேர் ஒன்றாக இருக்கிறார்களே, அங்கே எப்படித் தனிமை வரும்?

தனியாக இருப்பது வேறு, தனிமை வேறு. ஊருக்கு வெளியே ஒற்றை வீட்டில் ஆட்டுக்குட்டியோடு நிம்மதியாக இருக்கிற ஆச்சியை எனக்குத் தெரியும். இல்லத்தில் நாற்பது பேர் நடுவே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரையும் தெரியும். அவரிடம் ஒரு நாளில் மற்றவர்கள் கேட்கிற கேள்விகளை எண்ணிப் பார்த்தேன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, பாத்ரூம் போகணுமா. அவ்வளவுதான்.

நாலு வயசுப் பிள்ளை அப்படிக் கேட்காது. பாம்படம் போட்டுக் காது வளர்த்த ஆச்சி ஒருவர் அங்கே இருக்கிறார், வயது எண்பத்தெட்டு. முதல் நாளே ஒரு வாண்டு அவர் காதைத் தொட்டு, "ஆச்சி, உன் காதுல ஏன் இவ்ளோ பெரிய ஓட்டை?" என்று கேட்டது. நாங்கள் பதறிப்போனோம். ஆச்சி சிரித்துவிட்டு, காதைக் குத்திக் குணுக்குப் போட்டு வளர்த்த கதையைச் சொன்னார். மகள் கல்யாணத்துக்குப் பாம்படத்தை விற்றதையும் சொன்னார். அந்த வாண்டு தொங்கிக் கிடக்கும் காதுக்குள் விரலை விட்டுப் பார்த்தபடி முழுக்கதையையும் கேட்டது. அந்தப் பாம்படத்தைப் பற்றி இல்லத்தில் அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லையாம்.

இதை ஒரு பெரிய பிரச்சினையாக வேறு யாராவது பார்க்கிறார்களா?

பார்க்கிறார்கள். பிரிட்டன் 2018ஆம் ஆண்டும் ஜப்பான் 2021ஆம் ஆண்டும் தனிமைக்கென்றே பொறுப்பு அமைச்சரை நியமித்தன. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 சாவுகளுக்கு அதோடு தொடர்பு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கையில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. தனிமை அதிகம் என்று சொல்பவர்கள் கிழவர்கள் அல்ல, பதின்வயதுப் பிள்ளைகள்.

வேறு எங்கே இப்படிச் செய்கிறார்கள்?

டோக்கியோவில் எடோகாவா பகுதியில் கோதோயென் என்ற இடத்தில் 1976 முதலே முதியோர் இல்லமும் குழந்தைகள் காப்பகமும் ஒரே கூரையின் கீழ். காலையில் இரு தரப்பும் சேர்ந்து உடற்பயிற்சி செய்வார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மவுண்ட் செயின்ட் வின்சென்ட் முதியோர் இல்லத்தில் 1991 முதல் குழந்தைகள் மையம் ஒன்று நடக்கிறது. கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை, வாரத்தில் ஐந்து நாள். லண்டனில் நைட்டிங்கேல் ஹவுஸ் என்ற முதியோர் இல்ல வளாகத்தில் 2017 செப்டம்பரில் ஒரு நர்சரி திறந்தார்கள்.

நம் பக்கத்துச் செய்தி பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு அரசே முதியோருக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்குமான ஒருங்கிணைந்த இல்லங்களைத் தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்தியிருக்கிறது. ஓர் இல்லத்துக்கு 25 முதியவர்கள், 25 குழந்தைகள் என்பது கணக்கு.

அதற்கும் முந்தியது சத்துணவு. 1982 ஜூலையில் குழந்தைகளுக்காக ஆரம்பித்த திட்டத்தில் அடுத்த வருஷமே முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களையும் சேர்த்தார்கள். அதாவது நாற்பது வருஷத்துக்கு முன்பே நம் ஊர்த் தாத்தாக்களும் வாண்டுகளும் ஒரே அடுப்பில் வெந்த சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் வந்த ஒன்றிரண்டு பேரும் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவார்கள். உட்கார வைக்கத்தான் ஆளில்லை.

இதனால் நிஜமாகவே பலன் உண்டா, இல்லை பார்க்க அழகாக இருக்கிறது என்பதோடு சரியா?

நேர்மையாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ் தொலைக்காட்சி ஒன்று 2017இல் பிரிஸ்டல் நகரில் நாலு வயதுக் குழந்தைகளையும் முதியவர்களையும் ஆறு வாரம் சேர்த்து வைத்து நிகழ்ச்சியாகக் காட்டியது. பார்த்தால் கண் கலங்கும். ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், ஆறே வாரம், சுற்றிலும் கேமரா. அதை நிரூபணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு நம்பிக்கை தருவது அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆய்வு. வயதானவர்களை ஆரம்பப் பள்ளிகளுக்கு வாரம் 15 மணி நேரம் அனுப்பி, பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் வேலையைக் கொடுத்தார்கள். 702 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். அங்கே பெரியவர்கள் பார்வையாளர்கள் அல்ல, அவர்களுக்கு வேலை இருந்தது. நாங்கள் ஆறு வருஷத்தில் கண்டதும் அதுதான். வேடிக்கை பார்க்க உட்கார வைத்தால் பெரியவர்கள் தூங்கிவிடுகிறார்கள். கையில் வேலையைக் கொடுத்தால் முந்தின நாளே தயாராகிறார்கள்.

சரி, குழந்தைகளை வைத்து ஒரு கலைநிகழ்ச்சி நடத்தலாமா?

வேண்டாம். நாங்கள் அதில்தான் ஆரம்பித்தோம். முப்பது பிள்ளைகள், வாடகை மைக், சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், பெரியவர்களுக்குத் துண்டு போர்த்துவது, கடைசியில் கேக். மைக் சத்தத்தில் காது மெஷின் வைத்திருந்தவர்கள் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள். இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தன. எங்களுக்கு மட்டும் ரொம்ப திருப்தி.

மறுநாள் பாத்திரம் எடுக்கப் போனபோது ஓர் ஆச்சி, "அடுத்து எப்ப வருவீய?" என்றார். பதில் இல்லை. அடுத்து போக ஆறு வாரம் ஆனது. பொங்கலுக்கும் அக்டோபர் முதல் தேதி முதியோர் தினத்துக்கும் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால், போகாமலே இருப்பது நல்லது என்பது என் கட்சி. டீச்சர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த நேரத்தில்?

எட்டுப் பிள்ளைகள், ஆறு பெரியவர்கள், முக்கால் மணி நேரம். அதற்குமேல் பிள்ளைகள் ஓட ஆரம்பிக்கும், பெரியவர்களுக்கு முதுகு வலிக்கும். காலை பத்தரை மணிதான் தோது. பெரியவர்கள் குளித்து, மாத்திரை போட்டு முடித்திருப்பார்கள், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாட்டுத் தூக்கம் இன்னும் வந்திருக்காது. அதே கிழமை, அதே நேரம், முடிந்தவரை அதே பிள்ளைகள். எங்களால் வாரம் மாறாமல் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.

போனதும் என்ன செய்வது?

கீரை ஆய்வதில் ஆரம்பியுங்கள். முருங்கைக்கீரைக் கட்டு நாலு வாங்கிக்கொண்டு போங்கள். இலையை உருவத் தெரியாத பிள்ளை இல்லை, கீரை ஆயத் தெரியாத ஆச்சியும் இல்லை. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு மடியில் ஒரு தட்டு. பிள்ளைகள் காம்போடு போடும், "ஏட்டி, காம்பு போடாத, தொண்டையில குத்தும்" என்று சத்தம் வரும். அன்றைக்கு மதியம் இல்லத்தில் அந்தக் கீரைதான் கூட்டு. தான் ஆய்ந்த கீரையை நாற்பது பேர் சாப்பிட்டார்கள் என்பது அந்தப் பிள்ளைக்கு லேசான விஷயமா? அந்த ஆச்சிக்கும்தான்.

பூத் தொடுப்பதும் அப்படித்தான். பிள்ளைகள் கனகாம்பரத்தை இரண்டிரண்டாக எடுத்துக் கொடுக்க வேண்டும், ஆச்சிமார் வாழைநாரில் தொடுப்பார்கள். கண் சரியாகத் தெரியாதவர்கூடத் தொடுக்கிறார், விரலுக்குப் பார்வை தேவைப்படுவதில்லை.

பருப்புக் கடையும் விளையாட்டு நினைவிருக்கிறதா? பிள்ளையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று பங்கு வைத்து, கடைசியில் நண்டும் நரியும் கையில் ஊர்ந்து அக்குள் வரை போய்க் கிச்சுக்கிச்சு மூட்டுவது. இதைக் கற்றுத்தர வேண்டியதே இல்லை, வயதானவர்களின் கை தானாகச் செய்கிறது. ஆனால் அந்தக் கையை மாதக்கணக்கில் ஊசி போடுபவரைத் தவிர யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

தாத்தாக்களுக்கு வேலை கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். "பொம்பளைங்க வேலை" என்று ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். பனையேறியாக இருந்த ஒரு தாத்தாவிடம் ஓலைக் காத்தாடி செய்யத் தெரியுமா என்று கேட்டோம். மறு வாரம் ஓலை கொண்டுபோனால், "இது முத்தினது, குருத்தோலை கொண்டா" என்று விரட்டினார். அடுத்த வாரம் முள் சரியில்லை, கருவேல முள்தான் வேண்டும் என்றார். கத்தி கேட்டார், இல்லத்தில் தரமாட்டார்கள், நாங்களே நறுக்கி எடுத்துப்போனோம். நறுக்கின அளவு தப்பு என்று அதற்கும் திட்டு. இப்போது புதன்கிழமைகளில் வராந்தாவில் எட்டுக் காத்தாடி சுற்றுகிறது, தாத்தா நாற்காலியில் இருந்தபடி, காற்றுக்கு எதிராக ஓடச்சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறார்.

பல்லாங்குழிக்கு ஒரு எச்சரிக்கை. புளியமுத்து மூன்று வயசுப் பிள்ளையின் மூக்குக்குச் சரியாகப் பொருந்தும். அந்த வயசுக்கு நிலக்கடலை, பச்சைப் பட்டாணி உரிப்பதும் வேண்டாம், புரையேறும்.

குழந்தை பயந்து அழுதால்?

அழட்டும், ஆயா மடியில் உட்கார்ந்து தூரத்தில் இருந்தே பார்க்கட்டும். "தாத்தாவுக்கு முத்தம் கொடு" என்று தள்ளிவிடாதீர்கள். போவதற்கு முந்தின நாள் பேசி வைப்பது உதவும். அங்கே ஒரு தாத்தாவுக்குக் கை நடுங்கும், ஒரு ஆச்சி மூக்கில் குழாய் வைத்திருப்பார், சக்கர நாற்காலி இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் மூன்றாவது வாரம் பயம் போய்விடுகிறது. போகாவிட்டால் அந்தப் பிள்ளை வர வேண்டாம், அதில் குற்றம் ஒன்றுமில்லை.

பெரியவருக்குப் பிடிக்கவில்லை என்றால்?

அதே பதில்தான். வயதானால் எல்லோருக்கும் குழந்தைகள் பிடிக்கும் என்பது நம் கற்பனை. ஐந்து பிள்ளை வளர்த்துக் களைத்துப்போன ஓர் ஆச்சி, "எனக்குப் போதும்மா" என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். அவர் மரியாதைக்குரியவர்.

மறதி நோய் உள்ளவர்களைச் சேர்க்கலாமா?

தாராளமாக. நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அது சங்கடம், பிள்ளைகளுக்கு இல்லை. ஒரு தாத்தா ஒரே பிள்ளையிடம் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு தடவை பேர் கேட்டார். ஆறு தடவையும் அவள் பேரைச் சொன்னாள், ஆறாவது தடவை அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னாள். நாமாக இருந்தால் இரண்டாவது தடவையே "இப்பத்தானே சொன்னேன்" என்றிருப்போம். திடீரென்று கோபப்படுகிற, அடிக்கிற நிலையில் இருப்பவர்களை மட்டும் அன்றைக்குத் தவிர்க்க வேண்டும். அதை இல்லத்தில் தினமும் பார்த்துக்கொள்பவர்கள்தான் சொல்ல முடியும், அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.

பிள்ளைகளின் சளி, காய்ச்சல் பெரியவர்களுக்குத் தொற்றாதா?

தொற்றும். பெரியவர்களின் நெஞ்சுக்குச் சாதாரண சளியே ஆபத்தாகலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உடம்பில் கொப்புளம் இருக்கிற பிள்ளை அந்த வாரம் வரக் கூடாது. காய்ச்சல் விட்டு ஒரு முழு நாளாவது ஆகியிருக்க வேண்டும். உள்ளே நுழையும்போதும் கிளம்பும்போதும் இரு தரப்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கூடுமானவரை வராந்தாவில், காற்றோட்டமாக.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள பெரியவருக்குக் காசநோய்ப் பரிசோதனை முடியும்வரை பொறுங்கள். அக்கி வந்தவரின் கொப்புளம் காயும்வரை பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். அக்கியும் அம்மையும் ஒரே கிருமி, அவரிடமிருந்து பிள்ளைக்குச் சின்னம்மை வரலாம்.

பாதுகாப்புக்கு என்ன செய்கிறீர்கள்?

எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் தனியாக ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது. நல்லவர், தெரிந்தவர், எண்பது வயசு என்ற சமாதானமெல்லாம் கிடையாது. கழிப்பறைக்கு ஆயா மட்டும் கூட்டிப்போவார். சந்திப்பு எப்போதும் வராந்தாவில்தான், படுக்கை அறைக்குள் இல்லை. அதற்கு இன்னொரு காரணம் மாத்திரை. தலையணைக்கடியில், சுருக்குப்பையில், ஜன்னல் ஓரத்தில் என்று எங்கும் பிரஷர், சுகர் மாத்திரை கிடக்கும், பிள்ளைக்கு அது மிட்டாய். சக்கர நாற்காலிகளின் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் பிள்ளைகளை உள்ளே விடுகிறோம்.

பிள்ளைக்கு ஏதாவது தப்பு நடக்கிறது என்று தோன்றினால் 1098. பெரியவர்களை யாராவது கொடுமைப்படுத்துவது கண்ணில் பட்டால் 14567. இரண்டும் இலவச எண்கள்.

அனுமதி யாரிடம் வாங்குவது?

பெற்றோரிடம் எழுத்தில், இல்ல நிர்வாகத்திடம், அங்கன்வாடி என்றால் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம். முதியோர் இல்லம் பற்றிய சந்தேகங்களுக்கு மாவட்ட சமூக நல அலுவலகம். தனியார் நர்சரி என்றால் வேலை சுலபம்.

செலவு?

கீரை, பூ, சோப்பு. மழை பெய்தால் ஆட்டோ.

போட்டோ எடுக்கலாமா?

நாங்கள் எடுப்பதில்லை. முதல் வருஷம் எடுத்தோம். ஒரு ஆச்சியின் மகன் ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டு, "ஊர் முழுக்க என்னைக் கேவலப்படுத்திட்டீங்க" என்று போனில் சண்டைக்கு வந்தார். அவர் அம்மா இல்லத்தில் இருப்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியாதாம். அவர் மேல் எனக்குக் கோபம்தான், ஆனாலும் தப்பு எங்களுடையது. ஆச்சியிடமே நாங்கள் கேட்கவில்லை.

பெரியவர்கள் சாதி கேட்டால்?

இதை யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை, தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்கிறார்கள். நடக்கத்தான் செய்கிறது. "நீ எந்தத் தெரு புள்ள?" என்றால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு தடவை ஒரு பிள்ளை கொடுத்த தண்ணீரை ஒருவர் வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. டீச்சர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இந்தப் பிள்ளைகளோட இருக்கணும்னா அந்தக் கேள்வி கேட்கக் கூடாது. கேட்கணும்னா நீங்க உள்ளே இருந்துக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். நாலு வாரம் அவர் உள்ளேயே இருந்தார். அப்புறம் வந்தார். மனம் மாறியதா, பொழுது போகவில்லையா, எனக்குத் தெரியாது. கேள்வி மட்டும் வரவில்லை.

ஒரு தாத்தாவோ ஆச்சியோ இறந்துவிட்டால் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

இறந்துவிட்டார் என்று சொல்லுங்கள். "தூங்குறாங்க" என்றால் பிள்ளை ராத்திரி தூங்கப் பயப்படும், "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால் எப்போது வருவார் என்று வாராவாரம் கேட்கும். எங்களுக்கு இதுவரை ஐந்து தடவை சொல்ல வேண்டி வந்தது. பூத் தொடுக்கும் ஆச்சி இறந்த வாரம், உடம்பு ரொம்ப முடியாமல் போய் மூச்சு நின்றுவிட்டது, இனி வர மாட்டார் என்று ஆயா சொன்னார். ஒருத்தி, "அப்ப நார் யாருக்கு?" என்று கேட்டாள். வாழைநாரை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பக்கத்தில் இருந்த இன்னொரு ஆச்சி, "இங்க கொண்டா" என்று கையை நீட்டினார். பெற்றோருக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் வேறு கதை சொல்லிவிடுவார்கள்.

நடுவில் நிறுத்த வேண்டி வந்தால்?

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தேதியோடு. கோடை விடுமுறை, தேர்தல், அம்மை பரவுகிற மாதம் என்று இடைவெளி வரத்தான் செய்யும். நாங்கள் வராந்தாவில் ஒரு தினசரிக் காலண்டர் மாட்டி, அடுத்து வரும் தேதியில் பென்சிலால் ஒரு காத்தாடி வரைந்துவிட்டு வருவோம். போன மே மாதம் திரும்பிப் போனபோது காலண்டர் மூன்று நாள் முந்திக் கிடந்தது. யாரோ தாளை முன்கூட்டியே கிழித்திருக்கிறார்கள். யார் என்று கேட்டோம், வராந்தாவில் இருந்த ஆறு பேரும் வாயைத் திறக்கவில்லை.